கடைமடை வரை போகிறதா உங்கள் நிரல்?

கோப்புறைக்குள் கோப்புறையாகக் கிளைத்துக் கிடப்பதைப் பைத்தான் நிரல்மொழியில் ஒன்றுவிடாமல் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நீடாமங்கலம், கல்லூரி மாணவி: ஐயா, ரிகர்ஷன் என்றாலே குழம்புகிறது. தன்னையே அழைக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) எங்கே போய் நிற்கும்?

உங்கள் ஊர் மூணாறு தலைப்பில் போய் நின்று பாருங்கள், அம்மா. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. தலைப்பில் மதகைத் திறப்பவர் கடைமடை வரை நடப்பதில்லை. கீழே உள்ள அடுத்த தலைப்பில் இன்னொருவர் அதே வேலையைச் செய்கிறார். இனிப் பிரிய வாய்க்கால் இல்லை என்ற இடத்தில் தண்ணீர் வயலில் பாய்ந்துவிடுகிறது. செயற்கூறும் அப்படித்தான். கோப்பைக் கண்டால் எண்ணிக்கையில் சேர்க்கும். கோப்புறையைக் கண்டால் அதைக் கொடுத்துத் தன்னையே அழைக்கும். உள்ளே கோப்புறையே இல்லாத கோப்புறை வந்தால் அழைக்க ஒன்றுமில்லை, எண்ணிக்கையோடு திரும்பும். அப்படித் திரும்பி வரும் எண்ணைக் கூட்ட மறந்துவிடாதீர்கள். மாணவர்கள் அதிகம் தவறுவது அங்கேதான்.

மன்னார்குடி, ஸ்டுடியோ வைத்திருப்பவர்: அண்ணா, மேல் கோப்புறையில் உள்ள படங்கள் மட்டும் வருகின்றன. '2019', '2020' என்ற உள் கோப்புறைகளை நிரல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

நீங்கள் அனுப்பிய நிரலைப் பார்த்தேன், தம்பி. கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிடும் 'லிஸ்ட்டிர்' வெறும் பெயரை மட்டுமே தரும், பாதையைத் தராது. ஆலங்குடி என்று மட்டும் சொல்லிப் பஸ் ஏறினால் வலங்கைமான் பக்கத்துக் குரு கோயிலுக்கும் போகலாம், புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் போகலாம். '2019' என்று மட்டும் சொன்னால் நிரல் ஓடும் இடத்தில் பைத்தான் அதைத் தேடும். அங்கே இல்லாததால் 'இது கோப்புறை இல்லை' என்று சத்தமில்லாமல் கடந்துவிடும். தாய்க் கோப்புறையின் பாதையோடு பெயரைச் சேர்த்த பிறகே சோதியுங்கள். அதற்குப் பதிலாக 'ஸ்கேன்டிர்' பயன்படுத்தினால் ஒவ்வொரு பதிவும் தன் பாதையோடு வரும்.

கும்பகோணம்: நாமே எழுத வேண்டுமா, 'ஓஎஸ்.வாக்' போதாதா?

போதும். உள் கோப்புறைகளையெல்லாம் தானே சுற்றிவரும் பைத்தான் செயற்கூறு அது. கற்றுக்கொள்ள ஒருமுறை கையால் எழுதுங்கள், பிழைப்புக்கு 'வாக்' பயன்படுத்துங்கள். 2015-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து அது உள்ளுக்குள் 'ஸ்கேன்டிர்' வழியாகவே நடப்பதால் வேகமும் கூடிவிட்டது.

திருவாரூர்: என் லினக்ஸ் கணினியில் இருப்பது 500 படங்கள். நான் எழுதிய நிரல் 20,500 என்கிறது!

உள்ளே எங்கோ ஒரு குறியீட்டு இணைப்பு (வேறோர் இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) மேல் கோப்புறையையே சுட்டுகிறது. வாய்க்கால் சுற்றிவந்து தன் தலைப்பிலேயே விழுவது போன்ற நிலை. லினக்ஸ் ஒரே பாதையில் 40 இணைப்புகளுக்கு மேல் பின்தொடராது. அதனால்தான் உங்கள் நிரல் ஒருவழியாக நின்றது. முதல் சுற்றோடு சேர்த்து 41 முறை எண்ணியிருக்கிறது. இணைப்புகளைப் பின்தொடராதீர்கள். 'வாக்' இயல்பாகவே பின்தொடராது.

நாகப்பட்டினம்: அனுமதி இல்லாத கோப்புறை வந்தால் 'வாக்' என்ன செய்யும்?

வாய் திறக்காமல் தாண்டிப் போகும். இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஓர் அலுவலகத்துக்காகப் பழைய வன்தட்டிலிருந்து கோப்புகளை நகலெடுத்தேன். நிரல் பிழையின்றி முடிந்தது. சில நாள் கழித்துத்தான் ஒரு கோப்புறை முழுவதும் வராதது தெரிந்தது. படிக்க முடியாத கோப்புறையை 'வாக்' விட்டுவிட்டு நகர்ந்திருந்தது. அன்றிலிருந்து, பிழை வந்தால் எதை அழைப்பது என்று சொல்லும் 'ஆன்எரர்' இல்லாமல் நான் 'வாக்' எழுதுவதில்லை. ஒரு சிறு செயற்கூறை அதற்குக் கொடுத்தால், திறக்க முடியாத ஒவ்வொரு கோப்புறையின் பெயரும் உங்கள் கண்ணுக்கு வரும்.

வேதாரண்யம்: காலிக் கோப்புறைகளை நீக்க வேண்டும்.

'வாக்' அழைப்பில் 'டாப்டவுன்' (மேலிருந்து கீழ்) என்பதைப் பொய் (False) என்று வைத்து, கடைமடையிலிருந்து மேலே வாருங்கள். 'ஆர்எம்டிர்' காலிக் கோப்புறையை மட்டுமே நீக்கும், உள்ளே ஏதாவது இருந்தால் மறுத்துவிடும். அந்த மறுப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்கு நகருங்கள்.

தஞ்சாவூர், ஆசிரியர்: ஐயா, 'கொள்ளிடம்' என்ற கோப்புறை கண்ணெதிரே இருக்கிறது. நிரலோ இல்லை என்று சாதிக்கிறது. பழைய மேக் கணினியிலிருந்து எடுத்த கோப்புகள்.

அந்தப் பெயரின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். நீங்கள் தட்டச்சு செய்த 'கொள்ளிடம்' 9 குறியீடுகள். வட்டில் இருப்பது 10 என்று வரும். ககரத்தை ஒட்டிய ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் கொம்பு, பின்னால் கால் என இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒரே எழுத்து, கணினிக்கு இரண்டு வேறு பெயர்கள். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். 'யூனிகோட்டேட்டா' தொகுப்பின் 'நார்மலைஸ்' கொண்டு இரண்டு பெயர்களையும் என்எஃப்சி எனும் சேர்த்தெழுதும் வடிவுக்கு மாற்றி ஒப்பிடுங்கள். சோழன், கோரையாறு என ஓகாரம் வரும் பெயர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் மாற்றிய பெயர் ஒப்பிடுவதற்கு மட்டும்தான். கோப்புறையைத் திறக்கும்போது வட்டிலிருந்து வந்த பெயரையே அப்படியே கொடுங்கள்.