வயதும் மனமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. அடுத்த ஆண்டு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. இன்னும் விரல் விட்டுத்தான் கூட்டுகிறான். மற்ற பிள்ளைகள் மனக்கணக்குப் போடுகிறார்கள் என்கிறார் பாலர் பள்ளி ஆசிரியை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரோ, ஏழு வயதுக்கு முன் கணக்கே ஏறாது, பியாஜே அப்படித்தான் சொன்னார் என்று எழுதியிருந்தார். யாரை நம்புவது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில், விரலைத் தடுக்காதீர்கள் சகோதரி. ஆறு வயதில் விரல் விட்டு எண்ணுவது பின்தங்கல் இல்லை. ஐந்தும் மூன்றும் எட்டு என்பது மனத்தில் பதிந்த பிறகு விரல் தானாக மடங்கிவிடும், அதுவரை அவனுக்கு அது வேண்டும்.

அப்புறம் பியாஜே. சுவிட்சர்லாந்து உளவியலாளரான ழான் பியாஜே (1896–1980) இளம் வயதில் பாரிஸில், பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். எத்தனை விடை சரி என்று பார்ப்பதுதான் வேலை, ஆனால் அவர் கண் போனது தவறான விடைகள் மேல்: ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்புச் செய்கிறார்களே, ஏன்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் பிள்ளையின் சிந்தனை வளர்வதைப் பற்றிய அவருடைய நான்கு கட்டங்கள் பிறந்தன.

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு கிளாஸில் மைலோ ஊற்றுங்கள். இரண்டும் சமம் என்று அவனே ஒப்புக்கொள்ளட்டும். பிறகு அவன் கண் முன்னாலேயே ஒன்றை எடுத்து ஒல்லியான உயர கிளாஸில் ஊற்றி, "இப்போ எதில் அதிகம்?" என்று கேளுங்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் உயரமான கிளாஸைத்தான் காட்டுவார்கள். ஏழெட்டு வயதில் அதே பிள்ளை, "அதே மைலோதானே, கிளாஸ்தானே மாறிச்சு" என்று சொல்லிவிட்டு, இதையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள் என்பதுபோல் பார்க்கும். இதை யாரும் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள். பிள்ளை தானே உலகத்தைத் தொட்டுப் புரட்டி அறிவைக் கட்டிக்கொள்கிறது என்பதுதான் பியாஜே சொல்ல வந்தது. ஏழு என்பது தோராயமான வயது, அதற்கு முன் கணக்கே ஏறாது என்பது அவர் பேச்சு இல்லை.

தவிர, அவரையும் பின்னால் வந்தவர்கள் விட்டுவைக்கவில்லை. 1970களில் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சன், மெக்காரிகல் என்ற ஆய்வாளர்கள் சின்ன வில்லைகளை இரண்டு சம வரிசையாக அடுக்கி வைத்தார்கள். பெரியவர் ஒரு வரிசையை நீட்டி வைத்துவிட்டு மறுபடி கேட்டால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று நிறையப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைப்பதுபோல் செய்தபோது, அதே வயதுப் பிள்ளைகளில் இன்னும் எவ்வளவோ பேர் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால், முதல் விடை தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை நினைக்காதா? நம் கேள்வியே சில நேரம் பிள்ளையைத் தடுமாற வைக்கிறது. அதனால் பையனை உட்காரவைத்துச் சோதிப்பதைக் குறைத்துவிட்டு, கடையில் ஒரு ரிங்கிட்டுக்கு எத்தனை இருபது சென் என்று அவன் கையிலேயே காசைக் கொடுத்து எண்ணவிடுங்கள்.

கேள்வி: நாலு வயதுப் பேத்தி விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டே இருக்கிறாள். என் மனைவிக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் காட்டணுமா?
– வாசகர், பாகான் டாலாம், பட்டர்வொர்த்

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம் ஐயா. அது அவள் யோசிக்கும் சத்தம். பியாஜே இதை, பிறர் பார்வையில் பார்க்கத் தெரியாத வயதின் பேச்சு என்றார், வளர வளர மறைந்துவிடும் என்றார். ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளத்தான் பேசுகிறது, அந்தப் பேச்சு மறைவதில்லை, உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்பது அவர் வாதம். அவர் எழுதிவைத்த ஒரு காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐந்தரை வயதுப் பையன் டிராம் வண்டி வரைந்துகொண்டிருக்கிறான். சக்கரம் போடும்போது பென்சில் முனை ஒடிந்துவிடுகிறது. அழுத்திப் பார்க்கிறான், தாளில் பள்ளம்தான் விழுகிறது. "ஒடஞ்சிருச்சு" என்று முணுமுணுத்துவிட்டு வண்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்துபோன டிராமாகவே வரைய ஆரம்பித்துவிடுகிறான்! வாயில் வந்த வார்த்தை அடுத்த வேலையையே தீர்மானித்துவிட்டது.

விகோட்ஸ்கி 1934இல், 37 வயதில், காசநோயால் இறந்துபோனார். அவருடைய விமர்சனத்துக்கு பியாஜே பதில் எழுதியது 1962இல்தான், அதில் சிலவற்றை ஒப்புக்கொண்டார், சிலவற்றை மறுத்தார். பேத்தி பேசட்டும். கட்டைகளை அடுக்கத் திணறும்போது அவள் பேச்சு கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள், அப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவளே அடுக்கிவிடுவாள்.

கேள்வி: இரண்டாம் படிவம் படிக்கும் என் மகள் 'பார்த்துக் கற்பவள்' என்று ஒரு டியூஷன் நிலையத்தில் சோதித்துச் சொன்னார்கள். அதற்கென்று தனி வகுப்பாம், கட்டணமும் கூடுதல். சேர்க்கலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துக் கற்பது, கேட்டுக் கற்பது என்று பிள்ளைகளுக்கு விருப்பம் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த விருப்பப்படி பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் ஆராய்ச்சிகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். வரைபடம் என்றால் எல்லாரும் பார்த்துத்தான் படிக்க வேண்டும், உச்சரிப்பு என்றால் எல்லாரும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. கோயிலில் தேவார வகுப்புக்குப் போகிறார். கூடப் படிக்கும் சின்னப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பதிகத்தை ஒப்பித்துவிடுகிறார்கள், அம்மாவுக்கு மூன்றாம் பாட்டிலேயே மறந்துவிடுகிறது. "வயசாயிருச்சு, மண்டையில ஏறல" என்று நின்றுவிடப் பார்க்கிறார். இந்த வயதில் மூளை கற்காதா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: கற்கும். நிற்கவிடாதீர்கள், தயவுசெய்து. இந்த 'வயசாயிருச்சு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மனம் பொறுப்பதில்லை, எத்தனை பேரை அது பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது!

புதிதாக ஒன்றைச் சட்டென்று பிடிக்கும் வேகமும், வாழ்ந்து சேர்த்த அறிவும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டியவர் ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர். வேகம் இளமையிலேயே குறையத் தொடங்குகிறது. சொல்வளம், பொருள் புரிதல் போன்றவை வெகுகாலம் நிற்கின்றன. அமெரிக்காவின் சியாட்டிலில் வார்னர் ஷை 1956இல் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களை ஏழாண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே வந்தது. அதில் தெரிந்தது இது: இளைஞரையும் முதியவரையும் ஒரே நாளில் சோதித்து ஒப்பிட்டால் முதுமையின் சரிவு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் இரண்டு தலைமுறைக்கும் கிடைத்த படிப்பே வேறு. நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். தோட்டப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட எத்தனையோ அம்மாக்களை இன்றைய பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்காரவைத்து ஒப்பிட்டால், அளப்பது வயதை மட்டுமா?

இப்போது செய்ய வேண்டியது. பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் 80 வயதில் எப்படி வாசிக்க முடிகிறது என்பதற்கு மூன்று விஷயம் சொன்னார்: குறைவான உருப்படிகளை எடுத்துக்கொள்கிறேன், அவற்றையே அதிகம் பயில்கிறேன், வேகமான இடம் வருவதற்கு முன் சற்று மெதுவாக வாசிக்கிறேன், அப்போது வேகம் கூடுதலாகத் தெரியும். முதுமையை ஆராய்ந்த பால் பால்டஸ் இதைத்தான் உதாரணமாக எடுத்துக்காட்டினார். அம்மாவும் முழுப் பதிகத்தை விட்டுவிட்டு வாரத்துக்கு இரண்டு பாட்டு எடுத்துக்கொள்ளட்டும். முதலில் பொருள் தெரியட்டும், அங்கேதான் பிள்ளைகளைவிட அவர் கை ஓங்கும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காருவதைவிடக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், ஒருநாள் விட்டு மறுபடி. இடைவெளி விட்டுப் படித்தால் நிற்கும் என்பதை 1885இலேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துக் கண்டார். முக்கியமாக, புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்கணும், திக்கினால் உடனே எட்டிப் பார்க்காமல் சற்று முயலணும். பார்த்துப் பார்த்து வாசிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து இழுத்தெடுப்பதுதான் நாள்பட நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் சகோதரி, உங்கள் மகளுக்கும் இதுதான், இதற்குக் கட்டணம் கிடையாது.

தினமும் போகும் வழி மறக்கிறது, அடுப்பை அணைக்க அடிக்கடி மறக்கிறது என்றால் அது வேறு விஷயம், அப்போது கிளினிக்கில் காட்டுங்கள்.

கேள்வி: வயது 20. அப்பா ஆசைப்பட்டார் என்று கணக்கியல் எடுத்தேன். இரண்டாம் ஆண்டு வந்துவிட்டேன், இது நான் இல்லை என்று தோன்றுகிறது. எனக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியவில்லை. தோற்றுவிட்டேனா?
– வாசகி, கெப்போங்

பதில்: இல்லை தங்கச்சி. 'நான் யார்' என்ற தவிப்புக்கு 'அடையாள நெருக்கடி' என்று பெயர் கொடுத்த உளவியலாளர் எரிக் எரிக்சனே இளமையில் ஐரோப்பாவில் ஓவியராக அலைந்தவர். பட்டம் எதுவும் வாங்கவில்லை, பிறகு ஹார்வர்டில் பேராசிரியரானார். வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பார்த்த அவர், உங்கள் வயதுக்குத் தேடிப் பார்க்க ஓர் அவகாசம் தேவை என்றார். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் இதை இன்னும் பிரித்துக் காட்டினார்: தேடாமலே பெற்றோர் சொன்னதை ஏற்றுக்கொள்வது ஒரு நிலை, தேடிக்கொண்டிருப்பது இன்னொரு நிலை. நீங்கள் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்திருக்கிறீர்கள். குழப்பமாகத்தான் இருக்கும், ஆனாலும் இது முன்னேற்றம்தான்.

அதற்காக நாளைக்கே படிப்பை விட்டுவிடாதீர்கள். இந்த விடுமுறையில் உங்களை இழுக்கும் ஏதாவது ஒரு வேலையைப் பகுதி நேரமாவது செய்து பாருங்கள், துறை மாறினால் எந்தப் பாடங்களுக்கு விலக்குக் கிடைக்கும் என்று பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். கல்விக் கடனில் படிக்கிறீர்கள் என்றால் அதற்கு என்ன ஆகும் என்பதையும் விசாரித்து வைத்துக்கொண்டு, பிறகு அப்பாவிடம் உட்காருங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.