கம்பி சொன்ன பேச்சு கேட்கவில்லையா?

பசையும் இல்லாமல், பற்றவைப்பும் இல்லாமல், கம்பியை வளைத்தும் சுற்றியும் மட்டுமே நகை செய்யும் கலை பற்றி உங்கள் கேள்விகளைக் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன: கம்பியில் கோத்த மணிக்கு மேலே வரும் அந்தச் சின்ன வளையம். ஆகவே அதற்கான பதில் மட்டும் நீளம்.

கே: வீடியோவில் 20 கேஜ் கம்பி என்றார்கள். அதே 20 கேஜ் வாங்கி வந்தேன், ஆனால் தடிமனாக இருக்கிறது. மணிக்குள் நுழையவே இல்லை. எதை நம்பி வாங்குவது?

ப: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜில் இரண்டு அளவுமுறைகள் புழங்குகின்றன. அமெரிக்க முறையில் 20 கேஜ் என்றால் 0.81 மி.மீ.; பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. (ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்) முறையில் 0.91 மி.மீ. 18 கேஜில் இடைவெளி இன்னும் அதிகம்: 1.02, 1.22. எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. எனவே மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள், குழப்பமே வராது.

தொடங்குவதற்கு மூன்று தடிமன் போதும். காது கொக்கிக்கும் கல்லைத் தாங்கும் சட்டத்துக்கும் 0.8, மணி கோப்பதற்கு 0.6, கட்டுவதற்கும் சுற்றுவதற்கும் 0.3 அல்லது 0.4. பூச்சு இல்லாத, ‘டெட் சாஃப்ட்’ (மிக மிருதுவானது) என்று குறிப்பிட்ட செம்புக் கம்பியாக இருக்கட்டும். அலுமினியம் சுலபமாக வளைகிறதே என்று அதில் பழகாதீர்கள். அதற்குப் பழகிய விரல் செம்புக்கு மாறும்போது மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும்; போட்ட வளையமும் லேசான இழுப்புக்கே வாய் திறந்துவிடும். பித்தளை, வளைத்த பிறகு கொஞ்சம் பின்னுக்கு நிமிரும் குணம் உள்ளது. அது இரண்டாம் கட்டம். நிறப்பூச்சுக் கம்பியில் பிளையர் ஒருமுறை வழுக்கினால் உள்ளே இருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும். வெள்ளிக் கம்பியை, செம்பில் இருபது வளையம் ஒரே மாதிரி வந்த பிறகு தொடுங்கள்.

கே: வீட்டில் இருக்கும் கட்டிங் பிளையர் போதாதா?

ப: போதாது. அதன் வாயில் வரிவரியாகப் பல் இருக்கும். கம்பியில் அந்தப் பல்லின் தடம் அப்படியே பதியும். உட்புறம் வழவழப்பான, நுனி குறுகிய செயின் நோஸ் பிளையர் ஒன்று, உருண்டைத் தாடை கொண்ட ரவுண்ட் நோஸ் பிளையர் ஒன்று, கம்பியை ஒட்ட வெட்டும் ஃப்ளஷ் கட்டர் ஒன்று. இந்த மூன்றும், ஒரு ஸ்கேலும், ஒரு பர்மனெண்ட் மார்க்கரும், மெல்லிய அரமும் இருந்தால் வேலை தொடங்கலாம்.

ரவுண்ட் நோஸின் தாடை நுனியில் மெலிந்து அடியில் தடிக்கும் கூம்பு. அதனால் ஒருமுறை நுனியிலும் மறுமுறை நடுவிலும் பிடித்தால் ஒரு ஜோடித் தோட்டில் இரண்டு அளவு வளையம் வரும். தாடையின் குறுக்களவு 3 மி.மீ. வரும் இடத்தை அளந்து மார்க்கரால் கோடு போடுங்கள். கோடு அழிய அழியத் திரும்பப் போட வேண்டியதுதான்.

கட்டரின் ஒரு முகம் தட்டை, மறுமுகம் சரிவு. தட்டை முகம் எப்போதும் நகைப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் கம்பி நுனி கூராக நிற்கும். கழுத்தைக் கீறுவது அந்த நுனிதான். வெட்டும்போது துண்டு தெறிக்கும். விரலால் மூடிக்கொண்டு வெட்டுங்கள், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: ‘மெமரி வயர்’ எனும் எஃகுச் சுருளை இந்தக் கட்டரால் வெட்டவே வெட்டாதீர்கள். ஒரே வெட்டில் கட்டரின் வாய் பள்ளமாகிவிடும்.

கே: மணியைக் கோத்து மேலே வளையம் போட்டால், அது நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது. சங்கிலியில் மாட்டி இழுத்தால் வாயும் திறந்துகொள்கிறது.

ப: இரண்டும் தனித்தனிக் கோளாறு. திறந்துகொள்வதற்குக் காரணம், நீங்கள் போட்டது வெறும் வளையம்; அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. எடை குறைந்த தொங்கலுக்கு அது சரி. கைச்சங்கிலி, மாலை போல இழுபடும் நகைக்குச் சுற்றிக் கட்டிய வளையம்தான் வேண்டும். சாய்வதற்குக் காரணம், வளையத்துக்குக் கீழே கழுத்து விடாதது.

8 மி.மீ. மணி, 0.6 மி.மீ. கம்பியில் செய்த ஹெட் பின் (மணி நழுவாதபடி ஒரு முனையில் தலை உள்ள கம்பித் துண்டு) என்று வைத்துக்கொள்வோம். பின்னின் நீளம் 5 செ.மீ. இருந்தால் போதும், பழகும் வரை 6 இருக்கட்டும்.

மணியைக் கோத்ததும், அதன் தலையை ஒட்டிச் செயின் நோஸின் நுனியால் கம்பியைப் பிடியுங்கள். பிடித்த அகலம் 2 மி.மீ. இருக்க வேண்டும். அதுதான் கழுத்து. பிளையரின் மேல்விளிம்பில் கம்பியை விரலால் அழுத்தி, பக்கவாட்டில் 90 பாகைக்கு மடியுங்கள். இப்போது ரவுண்ட் நோஸுக்கு மாறி, மடிப்பை ஒட்டி, ஒரு தாடை கம்பிக்கு மேலும் ஒன்று கீழுமாக, 3 மி.மீ. கோட்டில் பிடியுங்கள். மிச்சக் கம்பியை, அதாவது வாலை, மேல்தாடையின் மீது ஏற்றி, கழுத்தைத் தாண்டி மறுபக்கம் இறக்குங்கள். இதோடு பாதி வளையம் முடிந்தது. இனி கீழ்த்தாடை வழிவிடாது. பிளையரை எடுத்து, கீழ்த்தாடை வளையத்துக்குள் வரும்படி மாற்றிப் பிடித்து, வாலை அதன் அடியாகக் கொண்டுவந்து கழுத்துக்குக் குறுக்கே நிறுத்துங்கள். முதலில் பக்கவாட்டில் மடித்துவிட்டுப் பிறகு திரும்பி வந்ததால், வளையம் கழுத்தின் உச்சியில் நேராக உட்காரும்.

சுற்றுவதற்கு முன், சங்கிலியை வளையத்துக்குள் மாட்டிவிடுங்கள். கைதேர்ந்தவர்களும் மறக்கும் படி இது. சுற்றி முடித்த பிறகு நினைவு வந்தால் வெட்டி எறிவதைத் தவிர வழி இல்லை.

பிறகு வளையத்தைச் செயின் நோஸுக்குள் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, வாலைக் கழுத்தில் மேலிருந்து கீழாக மூன்று சுற்று சுற்றுங்கள். வால் எப்போதும் கழுத்துக்கு நேர்க்குறுக்காக இருக்கட்டும், சரிந்தால் சுற்றுகளுக்கிடையே சந்து விழும். 0.6 மி.மீ. கம்பி மூன்று சுற்றில் 1.8 மி.மீ. உயரம் பிடிக்கும், 2 மி.மீ. கழுத்து விட்டதன் கணக்கு அதுதான். சுற்று முடிந்தும் மணி மேலும் கீழும் ஆடினால் கழுத்து நீண்டுவிட்டது, இன்னும் ஒரு சுற்று சேருங்கள். மூன்றாவது சுற்று இரண்டாவதன் முதுகில் ஏறினால் கழுத்து குறைந்துவிட்டது.

மிச்சத்தை ஒட்ட வெட்டி, செயின் நோஸின் நுனியால், சுற்றிய திசையிலேயே வழித்தாற்போல அழுத்துங்கள். பிறகு மெல்லிய துணியில் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். நூல் சிக்கினால் நுனி இன்னும் வெளியே நிற்கிறது என்று பொருள்.

கே: சரியாக வரவில்லை என்று நிமிர்த்தி மறுபடி வளைப்பேன். மூன்றாம் முறை கம்பி ஒடிந்துவிடுகிறது. தரமில்லாத கம்பியா?

ப: கம்பி மேல் குற்றமில்லை. உலோகம் வளையும்போது உள்ளே இருக்கும் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, வழுக்க வழுக்கச் சிக்கிக்கொண்டு இறுகுகின்றன. நிமிர்த்துவது பழைய வளைவை அழிப்பதல்ல, இன்னொரு வளைவு. இறுகிய இடத்திலேயே மீண்டும் மீண்டும் மடித்தால் ஒடியாமல் என்ன செய்யும்? ஒரே இடத்தில் ஒருமுறை திருத்தலாம். அதற்கு மேல் துண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுங்கள். கம்பியை விடப் பொறுமைதான் விலை உயர்ந்தது என்று தோன்றும் நாளில், ஐந்து துண்டுகளை முதலிலேயே வெட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பூச்சில்லாத செம்பை மங்கிய சிவப்பு நிறம் வரும் வரை சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். மணி கோத்த பிறகு இது நடக்காது. பூச்சுக் கம்பியைச் சுடுவதோ புகையால் ஆபத்து.

கே: பிளையர் தடம் விழாமல் இருக்க?

ப: பிடியைத் தளர்த்துங்கள். தாடையின் விளிம்புகளை மெல்லிய எமரி தாளால் தேய்த்து மழுக்குங்கள். கம்பியை நேராக்க நைலான் வாய் பிளையர். விழுந்த தடத்தை முழுதாக எடுக்க முடியாது.

கே: எவ்வளவு கம்பி வெட்டுவது என்றே தெரியவில்லை. பாதியில் தீர்ந்துவிடுகிறது.

ப: வளையத்துக்கு ஒரு கணக்கு: தாடையின் குறுக்களவோடு கம்பித் தடிமனைக் கூட்டி 3.14 ஆல் பெருக்குங்கள். 3 மி.மீ. தாடை, 0.8 மி.மீ. கம்பி என்றால் 3.8 × 3.14, ஏறக்குறைய 12 மி.மீ.

சுருளுக்கும் இதே கணக்குதான். தொடக்கக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். 0.8 கம்பியின் மேல் 0.3 கம்பியை நெருக்கமாகச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு 1.1 × 3.14, அதாவது சுமார் 3.5 மி.மீ. ஒரு செ.மீ. நீளத்தில் 33 சுற்று அடங்கும். ஆக 1 செ.மீ. சுருளுக்கு 11.5 செ.மீ. கம்பி தின்னும்! கையால் பிடிக்க எப்போதும் 3 செ.மீ. கூடுதலாக விடுங்கள். நீளமான மெல்லிய கம்பி முறுக்கிக் குட்டி வளையமானால், வெடுக்கென்று இழுக்காதீர்கள். அந்த வளையத்தை விரலால் அகலமாக விரித்துப் பிரித்தபின் நீவிவிடுங்கள். இழுத்தால் விழும் மடிப்பில்தான் பிறகு ஒடியும்.

கே: துளை இல்லாத கல்லைக் கம்பியில் பதித்து டாலர் செய்ய ஆசை. இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் கல் நழுவி விழுந்தது.

ப: முதலில் கல்லைப் பற்றி. அடி தட்டையாகவும் மேல் குவிந்தும் இருக்கும் கபோஷான் கல்லே எடுங்கள். அகேட், ஜாஸ்பர் போன்றவை கடினமானவை, பிளையர் லேசாகப் பட்டாலும் தாங்கும். ஃப்ளூரைட், ஓபல் போன்றவற்றைப் பழகிய பிறகு பார்க்கலாம்.

30 × 22 மி.மீ. நீள்வட்டக் கல்லின் சுற்றளவு சுமார் 8.2 செ.மீ. 0.8 மி.மீ. கம்பியில் 20 செ.மீ. நீளத்துக்கு மூன்று துண்டுகள் வெட்டி, பாய் போல ஒட்டி அடுக்கி, இரண்டு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சரி நடுவில் 0.4 கம்பியால் ஐந்து சுற்றுக் கட்டு. அதிலிருந்து இரு பக்கமும் 12 மி.மீ. தள்ளி ஒவ்வொரு கட்டு. அந்த நடுக்கட்டு, உச்சிக்கு எதிரே கல்லின் கீழ்விளிம்பில் வரும்படி வைத்து, கல்லின் விளிம்பை ஒட்டி வளைத்து, உச்சியில் இரு முனைகளையும் மேல்நோக்கி மடித்துச் சேர்த்துக் கட்டுங்கள். இனிக் கல்லை வெளியே எடுத்துவிட்டு, கட்டுகளுக்கு இடையே உள்ள பின்புறக் கம்பியை மட்டும் உள்நோக்கி இழுங்கள். கல் உட்கார இருக்கை தயார். கல்லை வைத்து, முன்புறக் கம்பியையும் அதேபோல் நாலைந்து இடத்தில் கல்லின் முகத்தின் மேல் சாயுங்கள். உச்சியில் மிஞ்சிய கம்பிகளில் இரண்டைப் பென்சில் மேல் உருட்டினால் சங்கிலி நுழையும் வளையம். மற்றவற்றைச் சுருட்டியோ வெட்டியோ ஒடுக்குங்கள்.

உங்கள் கல் விழுந்ததற்குப் பெரும்பாலும் காரணம், சட்டம் கல்லைவிடப் பெரிதாக இருந்தது. உச்சிக்கட்டை இறுக்கும்போது ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தாலும் போதும், பிறகு முன்கம்பியை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. கட்டுக்கம்பியும் உட்புறம் தடிமன் சேர்த்துச் சட்டத்தைக் கல்லிலிருந்து தள்ளி நிறுத்தும். அதற்காகவே அரைவட்டக் கம்பி கிடைக்கிறது. தட்டைப்பக்கம் சட்டத்தில் படியும்படி சுற்றினால் புடைப்பு குறையும். செய்து முடித்ததும் கவிழ்த்து, மெத்தை மேல் குலுக்கிப் பாருங்கள்.

கே: நானே செய்த காது கொக்கி காதைக் குத்துகிறது, நெளிந்தும் போகிறது.

ப: 0.8 மி.மீ. கம்பி, ஒவ்வொன்றும் 4.5 செ.மீ. இரண்டையும் சேர்த்து வைத்து, 10 மி.மீ. பருமனுள்ள மார்க்கர் மேல் ஒரே நேரத்தில் வளைத்தால்தான் ஜோடி ஒத்துவரும். காதில் நுழையும் முனையை அரத்தால் உருட்டி, மெல்லிய எமரி தாளால் மழமழவென்று தேயுங்கள். உதட்டில் தொட்டுப் பாருங்கள், உறுத்தினால் இன்னும் தேய்க்க வேண்டும். நெளிவு போக, வளைவின் மேற்பகுதியை எஃகுப் பலகையில் வைத்து நைலான் சுத்தியலால் தட்டுங்கள். முன்பு ஒடியச் செய்த அந்த இறுக்கமே இங்கே நமக்கு உதவும். துளைக்குள் உட்காரும் பகுதியை மட்டும் இரும்புச் சுத்தியலால் தட்டையாக்காதீர்கள், ஓரம் அறுக்கும்.

பழகுவது செம்பில் என்றாலும், காதில் போடும் கொக்கிக்குச் செம்பும் பித்தளையும் வேண்டாம். 92.5 சதவீத வெள்ளிக் கம்பி பெரும்பாலோருக்குச் சரிப்படும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு டைட்டானியமோ நியோபியமோ கொடுங்கள். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதிலும் நிக்கல் உண்டு.

கே: செம்பு வளையல் கையைப் பச்சையாக்குகிறது.

ப: வியர்வையோடு செம்பு சேர்ந்து உண்டாகும் உப்பு அது, சோப்புப் போட்டால் போய்விடும். கறுத்த செம்பை எலுமிச்சைச் சாறும் உப்பும் கொண்டு தேய்த்து, உடனே நன்றாகக் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள். முத்து கோத்திருந்தால் இந்த வைத்தியம் கூடாது, அமிலம் முத்தை அரித்துவிடும்.

கே: முத்தின் துளையில் 0.6 கம்பி நுழையவில்லை. துளையைப் பெரிதாக்கலாமா?

ப: கம்பியை மாற்றுங்கள், முத்தை அல்ல. 0.4 கம்பியில் கோத்து, மூன்று சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்று போட்டால் கழுத்துக்கு வேண்டிய உயரமும் வலுவும் வந்துவிடும்.

கே: மிஞ்சும் துண்டுகளை என்ன செய்வது?

ப: 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் நகைத் துண்டுகளை இணைக்கும் சின்ன வளையமான ஜம்ப் ரிங் செய்யுங்கள். 4 மி.மீ. பின்னல் ஊசியில் நெருக்கமாகச் சுற்றி, சுருளைக் கழற்றி, ஒவ்வொரு வளையமாக வெட்டுங்கள். ஒரு முனையை வெட்டியதும் கட்டரைத் திருப்பிப் பிடித்து மறுமுனையையும் ஒரு மயிரிழை நறுக்க வேண்டும். இரண்டு முனையும் தட்டையாக இருந்தால்தான் வாய் முழுதாகப் பொருந்தும். மாட்டும்போது முனைகளைப் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாகத் திருகித் திறங்கள். அகட்டித் திறந்த வளையம் பழைய வட்டத்துக்குத் திரும்பாது.