முதல் எழுத்து கேப்பிட்டலாகிவிட்டதே!

கேள்வி: மகனின் கல்லூரி விண்ணப்பத்தைப் போனில் நிரப்பினேன். மெயில் ஐடியின் முதல் எழுத்து தானாகவே கேப்பிட்டலாகிவிட்டது, கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். கடிதம் வேறு யாருக்காவது போய்விடுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போகாதும்மா, உங்கள் மகனுக்கே வரும்.

முகவரியில் 'அட்' குறிக்குப் பிறகு வரும் பகுதிக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அதற்கு முன்னால் இருக்கும் பெயரில்தான் சிக்கல். மின்னஞ்சல் போக்குவரத்துக்கான விதி, 2008இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5321 என்ற இணைய ஆவணத்தில் இருக்கிறது. அதன்படி வழியில் எந்தக் கணினியும் அந்தப் பெயரின் எழுத்தை மாற்றக் கூடாது. பெரிய 'எஸ்' போட்ட ஸ்மித்தும் சின்ன 'எஸ்' போட்ட ஸ்மித்தும் சில இடங்களில் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். ஆனால் யாரும் அப்படிப் பிரித்து வைக்காதீர்கள் என்றும் அதே பத்தி கேட்டுக்கொள்கிறது. ஜிமெயில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது.

கடிதம் வந்துவிடும். எனக்குக் கவலை, உள்நுழையும் பக்கத்தைப் பற்றித்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு தேர்வுக்கான பதிவுப் பக்கத்துக்கு நான் நிரல் எழுதினேன். முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்படி விட்டுவிட்டேன். போனில் பதிவு செய்த ஒரு பெண், பிறகு பிரவுசிங் சென்டரில் எல்லாம் சின்ன எழுத்தாக அடித்திருக்கிறார். 'அப்படி ஒரு கணக்கு இல்லை' என்று வந்ததும் புதிதாக இன்னொன்று தொடங்கினார். கட்டணம் ஒரு கணக்கில், ஹால் டிக்கெட் இன்னொன்றில். அழுதுகொண்டே போன் செய்தார். அன்றிரவே திருத்தினேன், அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அடித்த முகவரியை அப்படியே சேமியுங்கள், ஒப்பிடும்போது மட்டும் சின்ன எழுத்தாக்குங்கள். கட்டத்தை 'ஈமெயில்' வகையாக வைத்தால் போன் தானாகக் கேப்பிட்டல் போடாது. நம் தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. இந்த பேதம் பிடிபடாதவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: சின்ன எழுத்தில் உள்ளே போக முடியாவிட்டால், முதல் எழுத்தைக் கேப்பிட்டலாக்கி முயலுங்கள். புதுக் கணக்கு மட்டும் தொடங்காதீர்கள். பாஸ்வேர்டை முதலில் அடித்தபடியே அடிக்க வேண்டும், அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றல்ல.