1453இல் அடைபட்ட வழி எது?

கேள்வி: 1453இல் ஓட்டோமான் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்து, ஐரோப்பாவுக்கு மிளகு போகும் வழியை அடைத்துவிட்டார்கள்; அதனால்தான் போர்ச்சுக்கீசியர் கடல்வழி தேடினார்கள், வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தார் என்று பள்ளியில் படித்தேன். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் என் மகளும் இப்போது அதையே மனப்பாடம் செய்கிறாள். இடைக்காலம் முடிந்து நவீன காலம் பிறந்த நாள் அதுதானா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: உலக வரைபடத்தை விரித்து, கோழிக்கோட்டிலிருந்து வெனிஸ் வரை மிளகு போன வழியை விரலால் தொட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள் உங்கள் மகளை. விரல் கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) பக்கமே போகாது.

மலபார் மிளகு வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல் ஏறி அரபிக்கடலைக் கடக்கும். ஏடன் அல்லது ஜித்தாவில் இறங்கும். ஜித்தாவுக்கு வடக்கே செங்கடலில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் வடகாற்றுதான். பெரிய கப்பல் அதை எதிர்த்து ஏறுவது பெரும்பாடு. அதனால் சரக்கு சிறு கலங்களுக்கு மாறும். சினாய்க் கரையில் தோர் என்ற துறையில் இறங்கி, ஒட்டக முதுகில் கெய்ரோ சேரும். அங்கிருந்து நைல் வழியே படகில் அலெக்ஸாண்டிரியா. கோடை முடியும் தறுவாயில் வெனிஸின் கப்பல் அணி அங்கே வந்து, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குளிர்காலத்தில் ஊர் திரும்பும். இன்னொரு கிளை சிரியாவுக்குள் போய் டமாஸ்கஸ், பெய்ரூட் வழியாக முடியும். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த வழி முழுவதும் 1453இல் யார் கையில் இருந்தது? எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் கையில். ஓட்டோமான் படை கெய்ரோவுக்குள் நுழைந்தது 1517இல். அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே காமா நம் கடற்கரையில் நங்கூரம் பாய்ச்சிவிட்டார். இன்னும் பிடிபடாத கடைக்கு எப்படிப் பூட்டுப் போடுவது?

கருங்கடல் வழியாகவும் கீழைச் சரக்கு வந்ததே என்று விவரம் தெரிந்தவர் கேட்கலாம். வந்தது. பாரசீகத்துப் பட்டு தப்ரீஸ் நகரிலிருந்து கருங்கடல் துறைமுகமான திரபிசோந்த் வந்து கப்பல் ஏறியது. ஆனால் மங்கோலியர் ஆட்சி பாரசீகத்தில் 1335க்குப் பிறகு சிதறியபோதே அந்தத் தரைவழி நொடித்துவிட்டது. அதில் துருக்கியருக்குப் பங்கில்லை.

சரி, பிடித்த ஊரிலாவது வணிகத்தை முடக்கினார்களா? நகரம் விழுந்தது மே 29. ஜூன் 1ஆம் தேதியே, எதிர்க்கரையில் கலாட்டாவில் இருந்த ஜெனோவா (இத்தாலிய நகரம்) வணிகர்களுக்கு ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் உரிமைப் பத்திரம் கொடுத்துவிட்டார். வெனிஸுடன் 1454 ஏப்ரல் 18இல் உடன்படிக்கை. சுங்கம் 2 சதவீதம். வழியை அடைக்க நினைப்பவர் 2 சதவீதத் தீர்வை போடுவாரா? பிறகு 1463 முதல் 1479 வரை வெனிஸும் ஓட்டோமானும் 16 ஆண்டுகள் அடித்துக்கொண்டன. மிளகுத் துறைமுகங்கள் மம்லூக் வசம் இருந்ததால் வெனிஸ் கப்பல்கள் அந்தக் காலத்திலும் அலெக்ஸாண்டிரியா போய் வந்தன.

மிளகு வணிகத்தைக் கசக்கிப் பிழிந்த ஒரு சுல்தான் உண்டு. அவர் பெயர் பார்ஸ்பே. கெய்ரோவை ஆண்ட மம்லூக். 1420களின் இறுதியில் மிளகை அரசின் ஏகபோகமாக்கி, தான் வைத்ததே விலை என்றார். வெனிஸ்காரர்கள் கத்தினார்கள், முறையிட்டார்கள், கடைசியில் வாங்கவும் செய்தார்கள். இது கான்ஸ்டாண்டிநோபிள் விழுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னால். 1453க்குப் பிறகு மிளகு விலை எகிறியதா என்றால், இல்லை. ஆல்பர்ட் லைபையர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ஐரோப்பிய விலைப் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்து 1915லேயே இதைச் சொல்லிவிட்டார். நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் வழிகாட்டி நூல்கள் அதே வரியை அச்சடித்துக்கொண்டிருக்கின்றன.

இனி போர்ச்சுக்கல் பக்கம். மொராக்கோவின் சேவுத்தா துறைமுகத்தை அவர்கள் பிடித்தது 1415. மதெய்ராத் தீவில் குடியேறியது 1420 வாக்கில். அதற்கு அப்பால் கப்பல் போனால் திரும்பாது என்று மாலுமிகள் நடுங்கிய பொஜதோர் முனையைத் தாண்டியது 1434. ஆப்பிரிக்கர் 235 பேரைப் பிடித்து வந்து லாகோஸ் ஊரில் பங்கு பிரித்தது 1444. கான்ஸ்டாண்டிநோபிள் மதில் அப்போது அசையாமல் நின்றது. அவர்களை இழுத்தது சகாராவுக்கு அப்பாலிருந்து வந்த தங்கம், பிறகு அடிமைகள், சர்க்கரை.

1453 செய்தி லிஸ்பனுக்கு வந்ததும் அரசர் ஐந்தாம் அஃபோன்சோ என்ன செய்தார்? இந்தியாவுக்குக் கப்பல் கட்டவில்லை. சிலுவைப் போருக்குப் படை திரட்டினார். 1457இல் மேற்கு ஆப்பிரிக்கக் கினிக் கரையின் தங்கத்தில் ‘குருசாதோ’ (சிலுவைப் போர் நாணயம்) என்று நாணயம்கூட அடித்தார். மற்ற அரசர்கள் யாரும் கிளம்பவில்லை. திரட்டிய படையை வீணாக்குவானேன் என்று 1458இல் பக்கத்து மொராக்கோவில் ஓர் ஊரைப் பிடித்தார். இதைவிடப் பெரிய சான்று 1469இல் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையோரத்தை ஆராயும் வேலையையே ஃபெர்னாவ் கோமிஸ் என்ற லிஸ்பன் வணிகருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார் அரசர். ஆண்டுக்கு 200,000 ரெய்ஸ் (போர்ச்சுக்கீசியப் பணம்) கட்ட வேண்டும்; ஆண்டுதோறும் 100 லீக் (அக்காலத் தூர அளவு) புதிய கரையைக் கண்டுபிடித்துத் தர வேண்டும்; காலம் ஐந்து ஆண்டு. மிளகு இல்லாமல் ஐரோப்பா தவித்துக்கொண்டிருந்தால், இந்தியா போகும் வழியை யாராவது ஏலக் குத்தகைக்கு விடுவார்களா?

இந்தியாவைக் குறியாக வைத்த முயற்சி அடுத்த அரசர் இரண்டாம் ஜுவாவ் காலத்தில்தான், 1480களில், வேகம் பிடிக்கிறது. 1482இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் எல்மினாக் கோட்டை. 1488இல் பர்த்தலோமியு தியாஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித் திரும்பினார். அவர்களுக்குத் தடையாக இருந்ததும் துருக்கியர் அல்ல, காற்று. கரையை ஒட்டியே தெற்கே போனால் எதிர்க்காற்றும் எதிர்நீரோட்டமும் கப்பலைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே காமா கேப் வெர்தேயில் 1497 ஆகஸ்ட் 3ஆம் தேதி கரையை விட்டு, அட்லாண்டிக்கின் நடுவே பெரிய வில்லாக வளைந்து, மேற்கத்திக் காற்றைப் பிடித்து, நவம்பர் 4இல்தான் மறுபடி நிலத்தைப் பார்த்தார். மூன்று மாதம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

அரபிக்கடலில் அதே காமா சறுக்கினார். கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மலிந்தியில் உள்ளூர் மாலுமி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஏப்ரல் 24இல் புறப்பட்டவர், தென்மேற்குக் காற்று தள்ள, மே 18இல் நம் கரையைக் கண்டுவிட்டார். திரும்பும்போது கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியுடன் மனக்கசப்பு. கோழிக்கோட்டை விட்டு, கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவில் தங்கி, அக்டோபர் 5இல் பாய் விரித்தார். தென்மேற்கு ஓய்ந்துவிட்டது, வாடை இன்னும் நிலைகொள்ளவில்லை. மலபார் மாலுமி எவரைக் கேட்டாலும் பொறு என்றிருப்பார். மூன்று வாரத்தில் கடந்த கடலை, காற்றில்லாமலும் எதிர்க்காற்றிலும் சிக்கித் திரும்பக் கடக்க மூன்று மாதம் ஆயிற்று. ஈறு வீங்கும் ஸ்கர்வி நோயில் அந்த ஒரு கடப்பிலேயே 30 பேர் செத்தார்கள். பாய் இழுக்க ஆள் போதாமல் ‘சான் ரஃபயேல்’ கப்பலைத் தாங்களே கொளுத்தினார்கள்.

சாமூதிரிக்கு அவர் கொண்டுவந்த காணிக்கையையும் சொல்லிவிடுகிறேன், இது பாடநூலில் வராது: கோடு போட்ட துணி 12, தொப்பி 6, சிவப்பு முக்காடு 4, பவழச் சரம் 4, கைகழுவும் பாத்திரங்கள் ஒரு பெட்டி, ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்று அரண்மனை ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

1453 ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். ஆயிரம் ஆண்டு நின்ற மூவடுக்குத் தற்காப்பு அது: 20 மீட்டர் அகல அகழி, புறமதில், அதற்குள் சுமார் 12 மீட்டர் உயர உள்மதில். உள்ளே காவலுக்கு 7,000 பேர்தான். அதன்முன் ஒர்பான் என்ற ஹங்கேரியக் கைவினைஞர் வார்த்த 8 மீட்டர் நீளப் பீரங்கியை எருது பூட்டி ஓட்டோமான் தலைநகரான எதிர்னேயிலிருந்து இழுத்து வந்தார்கள். அரை டன் எடைக் கல்குண்டு. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் குழாய் கொதித்துப் பிளவு காணும் அபாயம் இருந்ததால் நாளொன்றுக்கு 7 முறைதான் சுட முடிந்தது. இரவில் மதிலுக்குள் இருந்தவர்கள் இடிந்த இடத்தில் மரமும் மண் நிரப்பிய பீப்பாய்களும் அடுக்கினார்கள். கல்மதிலைவிட அந்த மண்மேடு குண்டைத் தாங்கியது! பின்னாளில் ஐரோப்பாவில் உயர மதிலைக் கைவிட்டு, தாழ்வாகவும் தடிமனாகவும் மண் நிரப்பிக் கோட்டை கட்டிய பொறியாளர்கள் இதே வகை அனுபவத்திலிருந்துதான் கற்றார்கள்.

இன்னொரு விளைவு படிகாரத்தில். துணிச் சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும். அதை ஜெனோவாக்காரர்கள் சின்ன ஆசியாவின் ஃபோகேயாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 1455இல் அந்தச் சுரங்கம் ஓட்டோமான் வசமாயிற்று. 1461இல் ரோமுக்கு அருகே தோல்ஃபாவில் படிகாரம் அகப்பட்டது போப்பாண்டவருக்கு அடித்த யோகம். கருங்கடலில் கஃபா துறைமுகமும் 1475இல் போனபின் ஜெனோவாவின் பணம் மேற்கே, ஸ்பெயின் பக்கம் நகர்ந்தது. நகரம் விழுந்த அதிர்ச்சியில் பிறந்த இன்னொன்று, துருக்கியருக்கு எதிராகக் கிளம்புங்கள் என்று 1455ஆம் ஆண்டுக்கு ஒரு ஜெர்மன் காலண்டர். மைன்ஸ் நகரில் அச்சான அது, ஐரோப்பிய அச்சுக்கலையின் மிகப் பழைய வெளியீடுகளில் ஒன்று. ஆக 1453க்கு விளைவுகள் உண்டு. மிளகுதான் அந்தப் பட்டியலில் இல்லை.

மிளகு வழி நிஜமாகவே அடைபட்ட ஆண்டு ஒன்று உண்டு: 1504. அந்த ஆண்டு வெனிஸ் கப்பல்கள் அலெக்ஸாண்டிரியாவில் மிளகு கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பின. அடைத்தவர்கள் போர்ச்சுக்கீசியர். கப்பலில் பீரங்கி ஏற்றிக்கொண்டு, எங்களிடம் ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச்சீட்டு வாங்காத கலம் அரபிக்கடலில் ஓடக்கூடாது என்றார்கள். ஆனால் செங்கடலின் வாயை மூட ஏடன் வேண்டும். 1513இல் போர்ச்சுக்கீசிய ஆளுநர் அல்புகெர்க் ஏடனைத் தாக்கியபோது, ஒரே நேரத்தில் ஆட்கள் முண்டியடித்து ஏறியதில் பாரம் தாங்காமல் ஏணிகள் முறிந்தன. ஏடன் அகப்படவில்லை, மிளகு கசிந்துகொண்டே இருந்தது.

அடுத்து எகிப்தைப் பிடித்த ஓட்டோமான்கள் அந்தப் பழைய வழியைப் பேணினார்கள். 1560களில் செங்கடல் வழியே அலெக்ஸாண்டிரியா சேர்ந்த மிளகு, ஆப்பிரிக்காவைச் சுற்றி லிஸ்பன் போனதற்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. வழியை மூடினார்கள் என்று நாம் பழி போடும் அதே துருக்கியர் காலத்தில்!

தேர்வில் நான்கு விடைகளில் 1453 இருந்தால் உங்கள் மகள் அதையே குறித்துவிட்டு வரட்டும். அவள் மதிப்பெண்ணில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. நேர்முகத் தேர்வில் யாராவது கேட்டால் மட்டும் வரைபடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் யுகம் மாறியதா என்ற உங்கள் கேள்விக்கு, மிளகைப் பொறுத்தவரை பதில் இது: பழைய வழி செத்தது 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையால். அதற்கும் இருபது ஆண்டு பிடித்தது. 1620களில் மிளகு ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பல் ஏறி, எந்த லெவண்ட் (கிழக்கு மத்தியதரைக் கடற்கரை) துறைமுகங்கள் ஐரோப்பாவுக்கு மிளகு விற்றனவோ அவற்றுக்கே விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தது.