ஒடிந்த கல்லுக்காலை எடுப்பது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பு. மாமனார் காலத்து முள்கம்பி வேலி, எல்லாம் கருங்கல் கால். மூன்று கால்கள் சாய்ந்துவிட்டன. ஒரு மூலைக்கால் தரையோடு ஒடிந்து, அடிக்கட்டை கான்கிரீட்டுக்குள் நிற்கிறது. ஜேசிபி வந்தால் கிளைகளும் சொட்டுநீர்க் குழாயும் போய்விடும். ஆள் வைத்தே எடுக்க முடியுமா? எடுத்த கல்லைத் திரும்ப நடலாமா?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: முடியும் தங்கச்சி. பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் வேலி போட்டே பிழைத்தவன் நான். நட்டதைவிடப் பிடுங்கியது கம்மி, ஆனால் வேர்த்தது பிடுங்கும்போதுதான்.

கடப்பாரையைத் தொடும் முன் அந்த மூலையைச் சுற்றிப் பாருங்கள். சர்வே கல்லை ஒட்டியே மூலைக்காலை நடுவது பழைய ஆட்களின் வழக்கம். 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டப்படி சர்வே கல்லைப் பிடுங்குவது குற்றம். உங்கள் நிலத்தின் அளவு காட்டும் சர்வே வரைபடமான புலப்படத்தை எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துவிட்டுத் தோண்டுங்கள். கல் அசைந்த பிறகு வரும் பேச்சு கோர்ட் வரைக்கும் போகும்.

அடுத்தது கம்பி. இழுவையில் இருக்கும் முள்கம்பியை வெட்டினால் சாட்டை மாதிரி சுருண்டு முகத்துக்கு வரும். கட்டுக்கம்பியை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தளர்த்திய பிறகே வெட்ட வேண்டும். தோல் கையுறை கட்டாயம்.

சாய்ந்த மூன்று கால்களில் எல்லாரும் செய்வது, கயிறு கட்டிப் பக்கவாட்டில் இழுப்பது. கருங்கல் எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் தாங்கும், வளைத்தால் மட்டும் தாங்காது. தரைமட்டத்தில் பட்டென்று ஒடியும். உங்கள் மூலைக்காலும் கம்பி இழுவையில் அப்படித்தான் போயிருக்கும். ஆகவே மேலே தூக்கத்தான் பார்க்க வேண்டும். ஏழு அடி நீளம், 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்று வைத்தால் கல் மட்டும் 90 கிலோ வரும். அதைப் பிடித்திருக்கும் மண்தான் உண்மையான பாரம்.

முதல் நாள் சாயங்காலம் காலைச் சுற்றி ஈரம் இறங்க விடுங்கள். நம் செம்மண் காய்ந்தால் கடப்பாரையே திரும்பி வரும். ஆனால் சேறாக்கிவிடாதீர்கள், சேறு கல்லைக் கவ்வும். மறுநாள், மாமரம் இல்லாத பக்கமாக ஒரே பக்கம் மட்டும், கல்லின் அடி தெரியும் வரை தோண்டுங்கள். நாலு பக்கமும் தோண்டுவது வீண் கூலி. ஒரு பக்கம் திறந்தால் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி மண்பிடிப்பை விடுவிக்கலாம். அப்புறம் தரைக்குக் கொஞ்சம் மேலே சங்கிலியைச் சுருக்குப் போட்டு, மூன்று கழியை உச்சியில் சேர்த்துக் கட்டிய முக்காலி நிறுத்தி, செயின் பிளாக்கில் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) நேராக ஏற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் ஆறடி இரும்புக் குழாயை நெம்புகோலாக்கலாம். முட்டுக்கல் அரை அடி தள்ளி இருந்தால் உங்கள் பலம் பதினோரு மடங்காகும். ஏறின உயரத்துக்குத் துண்டுக்கல்லை அணை கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

பக்கத்தில் டிராக்டர் இருந்தால் பின்பக்க ஹைட்ராலிக் லிப்டில் சங்கிலியை மாட்டி நேராகத் தூக்கச் சொல்லுங்கள். சின்ன வண்டியே அரை டன் தூக்கும். ஓட்டிக்கொண்டே இழுக்க விடாதீர்கள். சங்கிலி உயரத்தில் மாட்டியிருந்தால் வண்டியின் மூக்கு தூக்கி, பின்னாடியே கவிழும்.

இனி மூலைக்கால். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழியில் கான்கிரீட் போட்டிருந்தால் அதுவே 200 கிலோவைத் தாண்டும். முழுசாகத் தூக்க நினைக்காதீர்கள். இங்கேயும் ஒரு பக்கம் அடி வரை பள்ளம் எடுங்கள். சுற்றி மண் இறுக்கியிருந்தால் எவ்வளவு அடித்தாலும் கான்கிரீட் வாங்கிக்கொள்ளும். விரிந்து போக இடம் இருந்தால்தான் உடையும். பள்ளத்தை ஒட்டிய விளிம்பிலிருந்து உளியும் சம்மட்டியும் வைத்துச் சில்லு சில்லாகப் பெயர்த்தால் அடிக்கட்டை தானாகத் தளரும். கண்ணாடி போடாமல் யாரையும் சம்மட்டி தூக்க விடாதீர்கள்.

எடுத்த கல்லைத் தாராளமாகத் திரும்ப நடலாம். சுத்தியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல கல், பொத்தென்றால் உள்ளே விரிசல். ஒடிந்த மூலைக்காலின் மேல்துண்டைப் புது மூலைக்காலுக்குச் சாய்வுக்காலாக வைத்துக்கொள்ளலாம், காசு மிச்சம். தோண்டின குழியிலேயே நட்டால் மண் உடனே பிடிக்காது. நடுக்கால்களை வேலி வரிசையிலேயே ஓரடி தள்ளி நடுங்கள். மூலைக்காலை நகர்த்த முடியாது என்பதால் அந்தக் குழியை அரையடி அரையடியாக மண் போட்டுத் திமிசால் இடித்து நிரப்ப வேண்டும்.

கேள்வி: வேலிக்காலாகக் கிளுவை மரப் போத்து (வெட்டின கிளை) நட்டுக் கம்பி கட்டினோம். இப்போது மரமாகிவிட்டது. பிடுங்கலாமா?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: வேர் பிடித்த கால் சாயாது, உளுக்காது. எதற்குப் பிடுங்க வேண்டும்? பாதை விடத்தான் என்றால் அடியோடு அறுக்காமல் இடுப்பு உயரம் விட்டு வெட்டுங்கள். அந்தக் கட்டைதான் ஆட்டிப் பிடுங்கப் பிடி. வெட்டின கிளைகளைத் தூக்கிப் போடாதீர்கள், இடைவெளி உள்ள இடத்தில் ஊன்றினால் துளிர்க்கும்.