ஐந்து பேர் எழுதிய கட்டுரைக்கு யார் பெயரைப் போடுவது?

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையை ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் மேற்கோள் காட்டுகிறேன். முதல் தடவை ஐந்து பெயரும் வர வேண்டும் என்கிறார் நெறியாளர். முதல் பெயர் மட்டும் போதும் என்கிறாள் தோழி. எது சரி?
– ஆய்வு மாணவி, சேப்பாக்கம்

பதில்: இரண்டுமே ஏ.பி.ஏ. விதிதான், பதிப்புதான் வேறு. நெறியாளர் சொல்வது 6-ஆம் பதிப்பு. 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பில், மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தடவையிலிருந்தே முதலாசிரியர் பெயரோடு 'எட் அல்.' ('மற்றும் பிறர்') போதும். இருவர் என்றால் எப்போதும் இரண்டு பெயரும் வேண்டும். உங்கள் துறை எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று விசாரித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். புள்ளி 'அல்' என்பதற்குப் பின்னால் மட்டுமே.

துணைநூற்பட்டியலில் இந்தச் சுருக்கம் செல்லாது. அங்கே 7-ஆம் பதிப்பின்படி 20 பேர் வரை எல்லோரையும் எழுத வேண்டும். அதற்கு மேல் போனால் முதல் 19 பெயர், மூன்று புள்ளி, கடைசிப் பெயர். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். பட்டியலில் அதற்கும் 20 பெயர்தான்.

ஒரே முதலாசிரியர் ஒரே ஆண்டில் வெவ்வேறு குழுவோடு இரண்டு கட்டுரை எழுதியிருந்தால், சுருக்கியதும் இரண்டும் ஒன்றாகிவிடும். வேறுபாடு தெரியும்வரை அடுத்தடுத்த பெயர்களையும் சேருங்கள். கடைசிப் பெயரில் மட்டும் வேறுபட்டால் எல்லாப் பெயரையும் எழுதியாக வேண்டும். 'எட் அல்.' பன்மை, மிச்சமிருக்கும் ஒருவரை அதற்குள் அடக்க முடியாது.

கேள்வி: மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளான ஜோட்டிரோவில் சேர்த்த 'முத்துக்குமார் எஸ்' பட்டியலில் 'எஸ், எம்.' என்று வருகிறார். ஏன்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கடைசியில் நிற்பது குடும்பப் பெயர் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. நமக்கோ அங்கே நிற்பது பெரும்பாலும் அப்பா பெயரின் இனிஷியல். பதிவைத் திறந்து, குடும்பப் பெயருக்கான கட்டத்தில் முத்துக்குமார், மற்றதில் எஸ் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு ஆசிரியரையும் பார்க்க வேண்டும்: ஐந்தில் நான்கு சரியாக இருந்து ஒன்று புரண்டிருக்கும், கட்டுரைக்குள் 'எட் அல்.' அதை மறைத்துவிடும்.

ஒருவரையே ஓரிடத்தில் 'எஸ்.' என்றும் இன்னோரிடத்தில் 'எஸ்.கே.' என்றும் பதிந்தால், மென்பொருள் இருவர் என்று நினைத்து கட்டுரைக்குள்ளும் இனிஷியலை ஒட்டவைக்கும். கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்துத் திருத்துங்கள். இல்லாத இனிஷியலை ஊகித்துச் சேர்ப்பது பெரிய தவறு.

பிப்டெக்ஸ் (லேடெக்ஸில் எழுதுவோருக்கான துணைநூற்பட்டியல் கருவி) பயன்படுத்துவோர் ஆசிரியர்களுக்கு நடுவில் 'ஆண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் போட வேண்டும். காற்புள்ளியால் பிரித்தால் ஐந்து பேரையும் ஒரே ஆளாகப் படித்து, காற்புள்ளி அதிகம் என்று பிழை காட்டும்.