அட்டிக்கில் இன்சுலேஷன் போதவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த வகையைப் போடலாம்?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1970களில் கட்டிய இரண்டு மாடி வீடு, மேல்மாடி குளிர்காலத்தில் விறைக்கிறது, கோடையில் இரவு பதினொரு மணிக்கும் வெக்கை தணியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எரிவாயு ஃபர்னஸ், ஷிங்கிள் கூரை, வாங்கியபோது அட்டிக்கை (கூரைக்கும் மேல்மாடி சீலிங்குக்கும் நடுவிலுள்ள இடத்தை) யாரும் ஏறிப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து வாசிப்பவர்களுக்கு இது உதவாது. கொங்கிரீட் கூரைத் தட்டின் வெக்கை வேறு கணக்கு.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். சூடு தப்பாமல் அட்டிக் தரையில் போடும் இன்சுலேஷனைத்தான் பஞ்சு என்கிறேன். "எந்தப் பஞ்சு?" என்பது இரண்டாவது கேள்வி. "எந்த ஓட்டையால் வீட்டுச் சூடு மேலே போகிறது?" என்பதுதான் முதலாவது. இந்த வரிசையை மாற்றிச் செய்து காசைக் கொட்டியவர்கள் ரொறன்ரோவில் ஏராளம்.

கண்டுபிடிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மெல்லியதாகப் பனி கொட்டிய மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் தெருவில் நின்று கூரைகளைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கூரை வெள்ளையாக இருக்க, உங்களுடையது மட்டும் திட்டுத்திட்டாக உருகியிருந்தால் அந்தத் திட்டுக்கு நேர் கீழேதான் சூடு கசிகிறது. பெரும்பாலும் குளியலறை, புகைபோக்கி, அட்டிக் மூடி ஆகியவற்றுக்கு மேலே அது இருக்கும். கூரை விளிம்பில் தடித்த ஐஸ் கட்டித் தொங்குவதும் இதே நோய்தான். மேலே உருகிய தண்ணீர் சூடில்லாத விளிம்புக்கு வந்து மறுபடி உறைந்து அணைபோல நிற்கிறது. பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்குக் கீழே புகுந்து சுவரில் இறங்குகிறது. ஆனால் பீலியில் சருகு அடைத்தாலும் ஐஸ் தொங்கும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்தது அட்டிக்குக்குள். ஜனவரியில் கடுங்குளிர் நாளொன்றில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கூரைப் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளில் வெள்ளை உறைபனி பூத்திருந்தால், வீட்டின் ஈரக்காற்று மேலே ஏறுகிறது. குளிர் விட்டதும் அது உருகிச் சொட்டும். சீலிங்கில் மஞ்சள் கறை விழும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஷிங்கிள் மாற்றுகிறவர்கள் பலர், அடுத்த வருடமும் அதே இடத்தில் கறையைக் காண்கிறார்கள். பழைய பஞ்சைக் கையுறையோடு புரட்டிப் பாருங்கள். கரிபிடித்ததுபோல் கறுத்திருந்தால் அது பூசணம் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காற்றை வடிகட்டித் தூசி பிடித்த இடமது. அங்கேதான் ஓட்டை.

ஆழத்தையும் அளவுகோல் குத்தி அளந்துகொள்ளுங்கள். ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, எண் கூடினால் தடுப்பும் கூடும். ஓர் அங்குலத்துக்கு, இயந்திரத்தால் ஊதிப் போட்ட கண்ணாடிப் பஞ்சு சுமார் ஆர்-2.5, பாய்போல் விரித்த கண்ணாடிப் பஞ்சு ஆர்-3.2, செல்லுலோஸ் (காகிதத் துகள்) ஆர்-3.5, ராக் வூல் (கல் நார்) ஆர்-4. உங்கள் வீட்டின் வயதுள்ள வீடுகளில் ஆர்-12 முதல் ஆர்-20 வரை இருப்பதே வழக்கம். ஒன்ராறியோவில் இப்போது புதிதாகக் கட்டும் வீடுகளில் ஆர்-60 போடுகிறார்கள்.

பளபளக்கும் சாம்பல், தங்க நிறத்தில் சிறு கற்கள் போன்ற பொருள் கிடந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது வெர்மிகுலைட். 1990இல் மூடப்பட்ட, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்த சரக்கில் ஆஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. கிளறவும் கூடாது, வாக்குவம் போடவும் கூடாது. மூடியை மூடிவிட்டு, ஆஸ்பெஸ்டஸ் வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். ரக்கூன் எச்சம் குவிந்து கிடந்தாலும் நீங்களாக அள்ள வேண்டாம். பீங்கான் குமிழ்களில் ஓடும் மிகப் பழைய வயர் இருந்தால் மின்சாரக்காரர் மாற்றும்வரை அதன்மேல் பஞ்சு மூடக்கூடாது, சூடேறித் தீப்பிடிக்கும். உங்கள் வீட்டு வயதுக்கு அது அரிது. 1940களுக்கு முந்திய வீடு வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஏன் ஓட்டையே முதலில் என்பதற்குக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அட்டிக் 800 சதுர அடி, வெளியே மைனஸ் 10, உள்ளே 21 பாகை என்று வையுங்கள். ஆர்-12 இருந்தால் சீலிங் வழியாக மணிக்கு ஏறத்தாழ 3,700 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் போகும். ஆர்-40 ஆக்கினால் 1,100. ஆர்-60 ஆக்கினால் 750. முதல் ஏற்றத்தில் 2,600 மிச்சம், இரண்டாவதில் 370 மட்டுமே. இனி, ஓட்டைகளால் நிமிடத்துக்கு வெறும் 30 கன அடி சூடான காற்று மேலே தப்பினாலே மணிக்கு 1,800 பிடியூ போய்விடும். ஓட்டையை விட்டுவிட்டு ஆர்-40ஐ ஆர்-60 ஆக்குவதால் கிடைப்பதைப்போல் ஐந்து மடங்கு அது. ஊதிப் போடும் பஞ்சு காற்றை முழுதாக நிறுத்தாது. கண்ணாடிப் பஞ்சு அநேகமாக நிறுத்தவே மாட்டாது.

ஆகவே பழைய பஞ்சை ஒதுக்கி, அடைப்பு வேலையை முடியுங்கள். வயர் இறங்கும் துளைகள், உட்சுவர்களின் மேற்கட்டையும் டிரைவாலும் (சுவர், சீலிங்கின் ஜிப்சம் பலகை) சந்திக்கும் இடுக்கு ஆகியவற்றுக்குக் கேனில் வரும் ஃபோம் போதும். குளியலறைக் கழிவுக்குழாயைச் சுற்றி, பழைய வீடுகளில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். ஃபோம் போர்டை வெட்டி வைத்து விளிம்பை ஃபோமால் ஒட்டுங்கள். புகைபோக்கி மட்டும் வேறு: செங்கல் புகைபோக்கியிலிருந்து எரியக்கூடிய எதுவும் 2 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். அந்த இடைவெளியைத் தகரம் வெட்டி, நெருப்புத் தாங்கும் சீலன்ட் பூசி மூட வேண்டும். சாதாரண ஃபோம் கூடவே கூடாது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய செமி, டவுன்ஹவுஸ் என்றால் பொதுச் சுவரின் கொங்கிரீட் பிளாக் உள்ளே வெறுமையாக இருக்கும். பேஸ்மென்ட் காற்று அதனுள்ளே ஏறி அட்டிக்கில் வெளிவரும். மேல் வரிசையின் வாயை மூடாமல் விட்டால் மற்ற உழைப்பில் பாதி வீண்.

இந்த இடத்தில் பாட் லைட் (சீலிங்கில் துளையிட்டுப் பதிக்கும் விளக்கு) பற்றிச் சொல்லாமல் என்னால் கடக்க முடியாது. நம் ஆட்கள் வீடு வாங்கியதும் செய்கிற முதல் வேலை சீலிங் முழுக்க பாட் லைட். கீழ்மாடியில் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். மேல்மாடி சீலிங்கில் இருபது பாட் லைட் என்றால் அட்டிக்குக்கு இருபது ஓட்டை. ஐயாயிரம் டாலர் விளக்குக்குக் கொடுக்கிற குடும்பம், அதே சீலிங்கின் மறுபக்கத்துக்கு ஐந்நூறு டாலர் கேட்டால் யோசிக்கிறது. பஞ்சோடு தொடலாம் என்ற ஐசி முத்திரையும், காற்றுப் புகாது என்ற முத்திரையும் இல்லாத பழைய கூடுகள் என்றால் பஞ்சு 3 அங்குலம் விலகி நிற்க வேண்டும், அதாவது ஒவ்வொன்றும் பஞ்சில் நிரந்தரக் குழி. மாற்றிவிடுங்கள். மெல்லிய எல்இடி வகை பரவாயில்லை, ஆனால் வளையத்துக்கும் டிரைவாலுக்கும் நடுவில் ரப்பர் கேஸ்கெட் ஒழுங்காக உட்கார வேண்டும்.

குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்கிலேயே முடிந்திருந்தால், உறைபனிக்கு வேறு காரணம் தேட வேண்டாம். இன்சுலேஷன் உறை போட்ட குழாயாக, தனக்கென்று மூடியுள்ள கூரைவாயால் வெளியே போக வேண்டும். சொஃபிட்டில் (கூரை விளிம்பின் அடிப்பக்கத்தில்) விட்டால் அதே ஈரக்காற்று திரும்ப உள்ளே வரும். சோறு, இடியப்பம், புட்டு என்று நாள் முழுக்க ஆவி கிளம்புகிற சமையலறை நம்முடையது. பேஸ்மென்டில் இன்னொரு குடும்பமும் இருந்தால் குளியலும் இரட்டிப்பு. அடுப்புக்கு மேலுள்ள விசிறி வெளியே தள்ளுகிறதா, காற்றை உள்ளேயே சுற்றுகிறதா என்று பாருங்கள். கடுங்குளிரில் வீட்டின் ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

அட்டிக் மூடி 4 சதுர அடிதான். ஆனால் சுற்றிலும் ஆர்-60 இருக்க, மூடி வெறும் பலகையாக ஆர்-2 என்று கிடந்தால், சீலிங்கால் போகும் மொத்த வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கு அந்த ஒரு மூடியால் போகும். மேலே 4 அங்குல ஃபோம் போர்டு ஒட்டி, விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டி வைத்து, கொக்கி போட்டு இறுக்குங்கள். பஞ்சு சரியாமல் சுற்றிலும் பிளைவுட் வேலி கட்டுங்கள்.

இனிக் காற்றோட்டம். அட்டிக் அடைபட்டு இருக்கக்கூடாது. பரப்பில் முந்நூற்றில் ஒரு பங்கு திறப்பு தேவை. 800 சதுர அடிக்கு 384 சதுர அங்குலம். பாதி சொஃபிட்டில், பாதி கூரை உச்சியருகே. ஒன்று 50 சதுர அங்குலம் விடும் சாதாரணக் கூரை வென்ட் என்றால் உச்சிக்கு நான்கு போதும். உங்கள் வீட்டின் வயதுள்ள வீடுகளில் ஒரு வழக்கமான பிழை உண்டு. வெளியே துளையுள்ள அலுமினியம் சொஃபிட் அழகாக இருக்கும், அதன் பின்னாலுள்ள பழைய பலகையில் துளையே இராது. ஒரு தகட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மர இடைவெளியிலும் பாஃபிள் (காற்று வழியை அடைபடாமல் வைக்கும் தகடு) வைத்து, பஞ்சுக்கும் கூரைப் பலகைக்கும் நடுவில் குறைந்தது 63 மில்லிமீட்டர் வழி விடுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் பஞ்சு. செல்லுலோஸ் எனக்குப் பிடித்த பொருள்: இடுக்கெல்லாம் நிரம்பும், காற்றை ஓரளவு தடுக்கும். ஆனால் எடை பாருங்கள். ஆர்-12க்கு மேல் ஆர்-48 கூட்ட, படிந்த பிறகு சுமார் 13.5 அங்குலம் வேண்டும். சதுர அடிக்கு ஏறத்தாழ 1.8 இறாத்தல், 800 சதுர அடிக்கு 25 இறாத்தல் பை 55 முதல் 60 வரை. சீலிங் மரங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் அரை அங்குல டிரைவால் இதைத் தாங்கும். 24 அங்குல இடைவெளியில் டிரஸ் (முக்கோண மரச்சட்டம்) என்றால் சாதாரண அரை அங்குல டிரைவாலுக்குச் சதுர அடிக்கு 1.3 இறாத்தல்தான் எல்லை. சில வருடங்களில் சீலிங் அலையலையாகத் தொய்யும். அங்கே ஊதிப் போடும் கண்ணாடிப் பஞ்சுதான் சரி, அதே ஆர்-48க்கு 19 அங்குலம் வந்தாலும் எடை பாதிக்கும் குறைவு. விலைச்சீட்டு கேட்குமுன் மர இடைவெளியை அளந்து வைத்திருங்கள். பாய்ப்பஞ்சை நீங்களே விரிப்பதென்றால் மரங்களுக்குக் குறுக்காக, இடைவெளி விடாமல். பழைய பஞ்சுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் மட்டும் விரிக்காதீர்கள். ஈரத்தடுப்பு சூடான பக்கத்தில், அதாவது டிரைவாலை ஒட்டித்தான் இருக்க வேண்டும். பழைய பஞ்சு காய்ந்து சுத்தமாக இருந்தால் அள்ளி எறிய வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்ப்ரே ஃபோம் வேலை செய்கிறவர்கள் கோபிக்கலாம். அது கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. சாய்வான சீலிங், ஒன்றரை மாடி வீடுகளின் குட்டைச் சுவர் போன்ற இடம் குறைந்த மூலைகளுக்கு அதைவிட நல்லது இல்லை. உங்களுடையதுபோலத் திறந்த அட்டிக்கின் தரை முழுக்க அதை அடிப்பது பண விரயம். பளபளப்புத் தாளை விரித்தால் பில் பாதியாகும் என்று விற்பவர்களிடம் ரொறன்ரோ குளிருக்கு எதுவும் வாங்காதீர்கள்.

வாசலில் வந்து "அரசாங்கம் இலவசமாகத் தருகிறது" என்று சொல்வதை நம்பி நம் பெரியவர்கள் கையெழுத்துப் போடுவது எனக்குத் தாங்காத வேதனை. 2021இல் தொடங்கிய கனடா கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2024 பெப்ரவரியில் புது விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. அதன் பெயரைச் சொல்லி இன்னும் கதவு தட்டுகிறார்கள். ஒன்ராறியோவில் 50 டாலருக்கு மேற்பட்ட வாசலடி ஒப்பந்தத்தை, பிரதி கையில் கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அம்மா, அப்பாவுக்கு இதைச் சொல்லிவையுங்கள். மானியம் எதற்கும், வேலைக்கு முன் மதிப்பீடு தேவையா என்று முதலில் கேளுங்கள். தேவையென்றால் முடித்தபின் கேட்டுப் பயனில்லை.

வேலையைச் செப்டம்பர், ஒக்டோபரில் வையுங்கள். கோடையில் அட்டிக் 50 பாகையைத் தாண்டும். நீங்களே ஏறினால் என்95 முகமூடி, மரத்தின்மேல் பலகை. டிரைவாலில் கால் வைத்தால் கீழே விழுவீர்கள். ஆள் பிடித்தால் "எத்தனை அங்குலம்" என்று கேட்காதீர்கள். காற்று நிரப்பி ஊதினால் அங்குலம் கூடும், ஆர் கூடாது. பையில் அச்சிட்ட அட்டவணைப்படி எத்தனை பை என்று எழுதி வாங்கி, வெறும் பைகளை எண்ணிய பிறகே காசு கொடுங்கள். ஓட்டை அடைத்த இடங்களைப் பஞ்சு மூடுமுன் படம் எடுத்துத் தரவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வீடு இறுகிய பிறகு, விசிறி இல்லாத பழைய எரிவாயுத் தண்ணீர்ச் சூடாக்கி இருந்தால், அதன் புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்று உரிமம் பெற்றவரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பட்டரியும் அன்றே மாறட்டும்.

அடுத்த ஜனவரியில் மைனஸ் 15 வரும் நாளில் மூடியைத் திறந்து அதே ஆணி முனைகளை மறுபடி பாருங்கள். பனி ஓரிடத்தில் மட்டும் பூத்திருந்தால் அதற்குக் கீழே ஓர் ஓட்டை தப்பியிருக்கிறது. எல்லா ஆணியிலும் இருந்தால் குளியலறைக் குழாயையும் சொஃபிட்டையும் திரும்பச் சோதியுங்கள்.